பண்ணும் அளவையும்

இளமைக்கண் இசை பயின்று, பின்னர்ப் பௌதிகம் முதலிய அறிவியல்களைக் கற்றற்பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவர் நம் நாட்டிற் பலராவர். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போலும் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒலியை எண்ணாகவும் கோடாகவும் கண்டு பழகிய மாணவர்க்குச் சிறுபோதில் ஆசிரியர் முன்னிருந்து பாடிய தேவாரப் பண் ஒருநாள் நினைவில் எழுமாயின், இவ்விரண்டனுள் எது உண்மை அறிவு என்னும் ஐயமும் உடன் எழும். ஒலியென்பது காற்றின் அதிர்வே எனின், திருமுறை ஓதுங்கால் நெஞ்சம் உருகியது வெறும் மயக்கமோ? அவ்வுருக்கமே மெய்யெனின், அளந்து கண்டவை பொய்யோ? இதற்கு விடை காணாராய் ஒன்றை அறவே கைவிடுவார் ஒருசாரார். பகலில் ஒன்றை நம்பி இரவில் மற்றொன்றை நம்பி நாள் கழிப்பார் மற்றொரு சாரார். இவ்வினாவிற்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் உலகறிந்த வரலாறு ஒன்றை நோக்குவாம். 1930-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள், சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் கற்றுத் தேர்ந்த 19 அகவை இளைஞர் ஒருவர் பம்பாயிற் கப்பலேறிக் கேம்பிரிட்சுக்குச் சென்றார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். ஆற்றல் ஒடுங்கிச் சுருங்கும் விண்மீன், ஞாயிற்றின் நிறையினும் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டதாயின் வெண்குறுமீனாய் நிலைபெற மாட்டாது என்னும் முடிபிற்கு வித்தாகிய கணக்கை அவர் அக்கடற்செலவிலேயே இட்டனர். விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-இல் நோபெல் பரிசும் பெற்றனர். அவர் தோன்றிய குடும்பம் இசையிலும் தோய்ந்ததாகும். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர். தென்னாட்டிசையின் இலக்கணத்தை ஆராய்ந்து நூலும் எழுதியவர். உடன்பிறந்தாருள் ஒருவராகிய வித்தியா சங்கர் வீணையிற் புகழ் பெற்றார். சிறிய தந்தையாரோ சர் சி. வி. இராமன்.

சந்திரசேகர் தம்மைக் கடவுட்கொள்கையுடையவர் எனக் கூறிக்கொண்டவரல்லர். அவரைச் சைவராக்கிக் காட்டுதல் எம் கருத்துமன்று. வாழ்நாள் முழுதும் கணக்கோடு வாழ்ந்த அவர், 1975-இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய பேருரையில், நியூட்டனோடு ஒருங்கு வைத்து ஆராய்ந்தவருள் ஒருவர் பீத்தோவன் என்னும் இசைவாணர் என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது. கப்பலேறி 45 ஆண்டு கழிந்த பின்னும் அவ்வறிஞர்க்கு இசை ஆராய்ச்சிக்குரிய பெரும்பொருளாகவே இருந்தது என்க.

இனி, சிறிய தந்தையார் செய்ததனைக் காண்பாம். திருவானைக்காவில் 1888-இற் பிறந்த இராமன், யாழ்க்கருவிகளையும் தோற்கருவிகளையும் பௌதிக முறையால் ஆராய்ந்தவர். 1920-இற் சிவகாளி குமார் என்பவருடன் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் நம் நாட்டுத் தோற்கருவிகளைப் பற்றி எழுதினார். சீராக இழுத்துக் கட்டிய வெறுந்தோலை முழக்கின், அடிப்படை ஒலியை 1 எனக் கொள்ளுமிடத்து, அதன்மேல் எழும் ஒலிகள் 1.59, 2.14, 2.30 என முறைபிறழ்ந்து நிற்கும். ஆகலின் அவ்வொலி சுருதியோடு இயையாது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இட்ட கரிய பூச்சு அத்தோலின் அதிர்வை மாற்றி, 1, 2, 3, 4, 5 என்னும் முறையான ஒலிகளை எழச் செய்கின்றது. இஃது அளவை காட்டிய உண்மை. பூச்சை இட்ட கைவினைஞரோ கோல்கொண்டு அளந்திலர், செவிகொண்டு தேர்ந்தனர். செவி தேர்ந்த அதனையே எண்ணும் தேர்ந்ததெனின், இரண்டற்கும் பகையில்லை என்பது பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். பண்ணின் இனிமைக்கு எண்ணின் முறையே காரணமாயின், எண்ணை அறிந்தார் பண்ணையும் அறிந்தாராவர். பண் என வேறொன்று கொள்ளல் வேண்டா எனின், அது பொருந்தாது. என்னை? குரல் நரம்பு 2 முறை அதிரும் பொழுதில் இளி நரம்பு 3 முறை அதிரும் என்பதை ஒரு சிறுவனுக்கு ஒரு நாழிகையிற் கற்பிக்கலாம். அவன் அதனைப் பிழையின்றி ஒப்புவிக்கவும் செய்வான். ஆயினும் அவன் பாடத் தொடங்கின் அவன் குரல் இளியில் நில்லாது. அதற்கு ஆண்டுகள் பல வேண்டும். அவ்வாண்டுகளில் அவன் பெற்றது யாது? புதிய எண் ஒன்றுமன்று. எண்ணால் உணர்த்தலாகாத ஒன்றைப் பெற்றான் என்றே கொள்ளல் வேண்டும்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்து உதாரணத்தில், இறைவன் உலகுயிர்களோடு விரவி நிற்கும் நிலைக்குப் பண்ணையும் ஓசையையும் உவமையாக எடுத்தாண்டனர். ஓசையை அகற்றிப் பண்ணைத் தனியே காட்டுவார் இலர். ஓசையே பண் என்று துணிவாரும் இலர். இரண்டும் பிரிப்பின்றி நிற்பினும் ஒன்றன் இயல்பு மற்றொன்றன் இயல்பாகாது. அறிவியல் அளப்பது ஓசையை. அவ்வளவு மெய்யே; அது பிழைத்தாற் பண்ணும் பிழைபடும். ஆயின் ஓசையை முற்றும் அளந்து முடித்தபின்னும், அதன்கண் விரவிய பண் அளவிற்கு அகப்படாதே நிற்கும். பண் வேறோரிடத்தே ஒளிந்திருத்தலால் நேர்ந்த குறையன்று இது. அளவையின் எல்லையே அத்துணைத்து என்க.

அற்றேல், பண்ணை அறிவது எது? செவி அறியாது, அதிர்வைக் கோடாக வரையும் பொறியும் அறியாது, மனம் முதலிய அந்தக்கரணங்களும் தாமே அறியமாட்டா. இவையெல்லாம் கருவிகள். அறிவது உயிர். அவ்வுயிரும் அறிவிக்க அறிவதேயன்றித் தானே அறியவல்லதன்று. தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்பது அதன் இயல்பு. இசை பயிலும் சிறுவன் முதலில் ஆசிரியர் குரலைச் சார்கின்றான். பின் சுருதியைச் சார்கின்றான். முடிவிற் பண் அவன்பால் நிற்கின்றது. அறிவியல் பயிலும் மாணவனும் அவ்வாறே பொருள்களின் இயல்பைச் சார்ந்து பழகுகின்றான்.

இவ்விரு பயிற்சிக்கும் பொதுவாய ஓர் அறம் உளது. நம் வினாவிற்கு விடை அதன்கண் அடங்கியிருத்தல் காண்க. சுருதி பாடுவானது விருப்பத்திற்கு வளையாது. அவன் எத்துணைச் செல்வனாயினும், எத்துணைக் கல்வியனாயினும், அரையிழை விலகிப் பாடிவிட்டு 'இதுவே சுருதி' என்று சாதித்தல் இயலாது. அளவும் அளப்பானது விருப்பத்திற்கு வளையாது. வெறுந்தோலின் 1.59-ஐ 2 ஆக்கிக்கொள்ள இராமனாலும் இயலாது. ஆகவே இரண்டு பயிற்சியும், யான் வேண்டியதே மெய் என்னும் தற்போதத்தை ஒடுக்குவன. தன்னாற் படைக்கப்படாத ஒன்றன்முன் உயிரைப் பணிந்து நிற்கச் செய்வன. அப்பணிவு உள்ளவழி இசையும் அறிவியலும் உயிர்க்குத் துணையாம். அஃதில்வழி இரண்டும் ஆணவத்திற்கு இரையாம்.

இரண்டனையும் ஒருங்கு பேணிய பெரியார்க்கு நம் காலத்தை அடுத்தே சான்றுண்டு. ஈழத்து மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டம் பெற்றவர். அறிவியல் ஆசிரியராயும் விளங்கியவர். அவர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், நரம்பின் நீளத்தையும் சுருதி அளவுகளையும் கணக்கால் ஆராய்வது. தேவாரவியல் என்றோர் இயலும் உடையது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947-ஆம் ஆண்டு சூன் திங்களில் அரங்கேறியது ஞானசம்பந்தர் பாடிய திருக்கொள்ளம்பூதூரிலாம். கணக்கும் பதிகமும் ஒரு நூலில், ஒரு சிவாலயத்தில் கூடி நின்றன.

யாழ் என்றவுடன் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி நினைவிற்கு வருதல் இயல்பே. பிள்ளையார் அருளிய பதிகங்கள் சிறப்பது தம் உறவினர் யாழினாலே எனச் சுற்றத்தார் கூறக் கேட்டு நடுங்கிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழில் அடங்காத இசையொன்றைப் பாடியருளுமாறு வேண்டினர். பிள்ளையார் பாடினர், நரம்பு அதனை ஏற்கவில்லை, பாணர் யாழை முறிக்க ஓங்கினர். பிள்ளையார் தடுத்தருளினர். சிந்தைக்கே அளவுபடாத இசை கருவியின் அளவில் முற்றும் எய்துமோ என்றும், அதிற் கூடிய அளவே வாசிக்க என்றும் அறிவுறுத்தி யாழை மீள அளித்தனர் எனச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர்.

இந்நிகழ்ச்சி அயல்நாட்டு மாணவர்க்கென்றே அமைந்தது போலும். அளவை ஒரு யாழ். பண் முழுதும் யாழினுள் அடங்கும் என்றது சுற்றத்தார் பிழை. அடங்காமை கண்டு யாழை முறிக்கப் புகுந்தது பாணரின் வருத்தம். இவ்விரண்டையும் விலக்கி, கருவியைக் கையிற் கொண்டு, அது தரும் அளவும் வாசித்து, தாராததன்முன் வணங்கி நிற்றலே பிள்ளையார் காட்டிய நெறி.

அண்ணாமலையின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்துட் பாடிய அவ்வரலாற்றில், அயன் அன்னமாய்ப் பறந்து முடி தேடினான். மால் ஏனமாய் அகழ்ந்து அடி தேடினான். எல்லை காணாத மால் 'கண்டிலேன்' என்று உள்ளதை உரைத்துத் தன் பெருமை குன்றாதிருந்தான். அயனோ தாழம்பூவைச் சான்றாக்கிக் 'கண்டேன்' என்று பொய் உரைத்து வழிபாடு இழந்தான். தேடியது குற்றமாயின் இருவரும் ஒருங்கே குற்றப்பட்டிருப்பர். ஒறுக்கப்பட்டது பொய்ச்சான்றே.

தாழம்பூச் சான்று இக்காலத்தும் இருதிறத்தாரிடையே உளது. தன் பொறியில் விழாதது எதுவும் இல்லை என்று சொல்லும் அறிவியலார் ஒரு திறத்தார். முடி காணாது 'முடிவு கண்டேன்' என்கின்றவர் அவர். மற்றொரு திறத்தார் நம்மவரே. இன்ன பண் இன்ன நோயைத் தீர்க்கும் என்று ஆய்ந்து பாராமலே மேடையேறிக் கூறுவாரும், இற்றைப் பௌதிகம் அனைத்தையும் நம் முன்னோர் அன்றே எழுதி வைத்தனர் என்பாரும், சைவத்திற்கு உதவுவதாக எண்ணி அதற்கு இழுக்கே தேடுகின்றனர். திருமுறைக்குப் பொய்ச்சான்று வேண்டா. அயல்நாட்டிலே கற்கும் நம் மாணவன் இத்தகைய கூற்றை அளந்து பொய்யெனக் காணும் நாளில், அதனோடு பதிகத்தையும் சேர்த்துக் கைவிடுவானாயின், அப்பழி யாரைச் சாரும்?

ஆகலின் செயற்பாலன இரண்டு. பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எய்தியவுடன், மதிப்பெண்ணுக்கு இடையூறென்று இசைப்பயிற்சியை நிறுத்தும் வழக்கம் பெற்றோரிடைப் பெருகிவிட்டது. ஏடு அழியினும் வேறு படி தேடலாம். பண் அறுந்தால் எங்ஙனம் தேடுவது? தில்லையிற் செல்லரித்த திருமுறை ஏடுகள் வெளிப்பட்ட பின்னும், பண்முறையை அறிதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரையே நாட வேண்டியதாயிற்று எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு காவாததனை ஓர் உயிர் காத்தது. எனவே வாரத்திற்கு ஒரு நாளாயினும் அப்பயிற்சி அறாது நடத்தல் வேண்டும். மற்றொன்று, தேவாரப் பாடசாலைகளை நடத்தும் ஆதீனங்கள் ஓதுவார் மாணவர்க்கு ஒலியியலின் முதற் பாடங்களையும் கற்பித்தல் நலம். அதனால் அவர் பக்தி குறையாது. தாம் பாடும் ஒவ்வொரு நரம்பின் செம்மையையும் அவர் இருவழியானும் தேர்வர்.

அயல்நாடு சென்ற மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. பகல் முழுதும் பிழையற அளந்தவர் மாலையில் ஒரு பதிகத்தைச் சுருதி வழுவாது பாடுக. பகலிற் பணிந்ததும் மாலையிற் பணிவதும் ஓர் உயிரே. முன்னது ஓசையின் முறைக்கும், பின்னது அவ்வோசையின்கண் விரவிய பண்ணிற்கும் செய்த வணக்கமாகும்.

திருச்சிற்றம்பலம்.