கூடத்தை விற்றால் பாவு யாருக்கு?

பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடங்களுள் பலவற்றில் நெசவு கூலிக்கே நடைபெறுகிறது. வணிகர் நூலும் பாவும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். கடன் மிகுந்தோ, முதுமை வந்தோ தறிக்காரர் கூடத்தை இன்னொருவருக்கு விற்க நேர்ந்தால், தறி கைமாறும். மின் இணைப்பும் கட்டடமும் கைமாறும். தறியில் ஏறியிருக்கும் பாவு மட்டும் அவற்றோடு கைமாறாது. அது கொடுத்தவருக்கே உரியது. இந்த நியாயத்தை விளக்க வழக்கறிஞர் எவரும் தேவையில்லை. தறி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

இந்தச் சிறிய நியாயத்தைக் கைக்கோலாகக் கொண்டு, உலகப் பெரு நிறுவனங்களின் கொள்முதல்களை நாம் அளந்து பார்த்தாலென்ன?

2003 பிப்ரவரியில் கூகுள் தேடுபொறி நிறுவனம் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை வாங்கியது. எவரும் காசின்றித் தம் எழுத்தை இணையத்தில் வெளியிட உதவிய பிளாக்கர் தளம் பைராவினுடையது. தமிழ் வலைப்பதிவுகள் தளிர்விட்ட காலம் அது. பத்திரிகை அலுவலகத்தின் படியேறாத எழுத்துகள், புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் நினைவுகள், ஆசிரியர்களின் அனுபவங்கள் என்று பலவும் அங்கே குடியேறின. 2004-இல் தோன்றிய தமிழ்மணம் திரட்டி அவற்றை ஒரு முற்றத்தில் கூட்டியது. 2006 அக்டோபரில் யூடியூபை 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. மறு ஆண்டில், புதிய பதிவுகளை வாசகரிடம் கொண்டு சேர்த்த பீட்பர்னரும் அதன் கைக்குச் சென்றது.

எழுதுவோர் நடுவே அச்சம் பிறந்ததில் வியப்பென்ன? ஊருக்கு வழிகாட்டுபவரே ஊரிலுள்ள சத்திரங்களையும் வாங்கிவிட்டால், அவர் காட்டும் வழி எந்தச் சத்திரத்துக்கு இட்டுச்செல்லும்? இது வீண் ஐயமன்று. தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்கு முறையற்ற முன்னிடம் தந்ததாகக் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆயினும் வாங்கியவரைக் கள்வர் என்று கூறிவிடுவது எளிது, நேர்மையன்று. 2001-இல் பைரா பணமின்றித் தள்ளாடியது. ஊழியர்கள் விலக, நிறுவனர்களுள் ஒருவரான இவான் வில்லியம்ஸ் ஏறத்தாழத் தனியாளாய்ப் பிளாக்கரைக் காத்து நின்றார். கூகுள் வாங்கியபின் அதுவரை கட்டணம் கேட்ட வசதிகளும் இலவசமாயின. இன்றும் பிளாக்கர் இயங்குகிறது. அதே கூகுள் 2004-இல் வாங்கிய பிக்காசா நிழற்படச் சேவையை 2016-இல் நிறுத்திவிட்டது. ஒரே கையில் ஒன்று வாழ்ந்தது, ஒன்று மறைந்தது. ஆகவே வாங்குபவர் நல்லவரா தீயவரா என்ற ஆராய்ச்சி நம்மை வெகுதூரம் கொண்டுசெல்லாது. விற்கப்படுவது உண்மையில் எது என்பதே கேள்வி.

தனிமனிதர் இலவசமாய் வலைப்பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 1999-இல் யாஹூ வாங்கியது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் வந்த புதிய விதிமுறைகள், குடியிருந்தோரின் எழுத்தின்மீதும் படத்தின்மீதும் யாஹூவுக்கு மிக விரிந்த உரிமை கோரின. பலர் தம் பக்கங்களை அழித்தும் வெறுமையாக்கியும் எதிர்த்தனர். யாஹூ இறங்கி வந்து விதியை மாற்றியது. நம் தறிக்காரர் மொழியில் சொன்னால், கூடத்தை வாங்கியவர் பாவையும் கேட்டார். நூல் கொடுத்தோர் விடவில்லை. ஆனால் 2009 அக்டோபரில் கூடமே மூடப்பட்டது.

தமிழுக்கு இன்னும் நெருக்கமான இழப்பு ஒன்று உண்டு. ஈகுரூப்ஸ் என்ற மடற்குழுச் சேவையை யாஹூ 2000-இல் வாங்கித் தன் குழுமங்களோடு இணைத்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் தமிழிலக்கியம் பேசப்பட்டது. பிற்காலத்தில் நூலாசிரியர்களான பலர் அங்கே எழுதிப் பழகினர். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்தவை நீக்கப்படும் என்று யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே முற்றிலும் நின்றது. அப்போது யாஹூவும் வெரிசான் என்ற வேறொருவரின் சொத்தாகிவிட்டிருந்தது. வாங்கியவரையே வாங்கியவரிடம் எந்த வாக்குறுதியை நினைவூட்டுவது?

இவ்விடத்தில் தறி உவமை போதாமல் போகிறது. பாவை அவிழ்த்து எடுத்துச் சென்று வேறு தறியில் ஏற்றிவிடலாம். 2011 முதல் கூகுளும் தன்னிடமுள்ள நம் தரவுகளைத் தொகுத்து எடுத்துச்செல்ல வழி செய்திருக்கிறது, அது பாராட்டுக்குரியது. ஆனால் ஒருவர் எழுத, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் பத்து நாள் கழித்து வந்து இருவரையும் திருத்திய அந்த உரையாடலை எவர் மூட்டை கட்டுவது? என் கடிதம் என்னுடையது, உங்கள் மறுமொழி உங்களுடையது. இரண்டுக்கும் நடுவே எழுந்த கூட்டம் நம் எவருடையதும் அன்று. ஆனால் விலை பெற்றது அதுவே. யூடியூபுக்கு 165 கோடி டாலர் பெற்றுத்தந்தது கணிப்பொறிகளின் மதிப்பன்று. அங்கே கூடும் வழக்கத்துக்குப் பழகிவிட்ட மாந்தரின் மதிப்பே பெரும்பகுதி. அம்மாந்தரை எவரும் கேட்கவில்லை.

“இலவசமாய்க் குடியிருந்தவர்க்கு என்ன உரிமை?” என்பார் உண்டு. இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. குடியிருந்தோர் வாடகை தரவில்லை. தெருவையே உருவாக்கித் தந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் உடைமையில் இரண்டைப் பிரித்துக் காட்டினார். பொருளை ஈட்டி நிர்வகிப்பதில் தனியுரிமை தகும். பயன்பாட்டிலோ அதைப் பொதுவுக்குரியதாகவே கருதவேண்டும் என்பது அவர் கருத்து. வயலையும் பொன்னையும் அறிந்த காலத்தவர் அவர். ஆயினும் பலர் பேச்சால் மதிப்புப் பெற்ற ஒரு முற்றத்துக்கு இது வயலைவிடக் கூடுதலாகவே பொருந்துகிறது. முற்றத்தை வாங்குபவர் நிர்வாகத்தை வாங்குகிறார். அதோடு ஒரு காவற்பொறுப்பும் அவர் தோளில் ஏறுகிறது. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை எழுதுபவன் நான். அதன் உடைமையாளன் அல்லேன். மாற்றலாகும் நாளில் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்தே செல்லவேண்டும்.

அப்பொறுப்பு என்ன கேட்கிறது? பழைய நிபந்தனையில் தந்ததன்மீது புதிய உரிமை கோராதிருத்தல். மூடுவதாயின் இரண்டு மாதமன்று, ஆண்டுக்கணக்கில் அவகாசம் தருதல். இவற்றினும் மேலாக, பொதுவில் நடந்த உரையாடலின் படியொன்றை ஒரு நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படைத்தல். இந்தக் கடைசிக் கடமையை எந்தச் சட்டமாவது கட்டாயமாக்க வேண்டும் என்பது என் எண்ணம். வணிகரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கக் கூடாது. பல பக்கங்கள் இன்று எஞ்சியிருப்பதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இலாபநோக்கற்ற காப்பகங்களும் ஊதியமற்ற ஆர்வலர்களுமே காரணம்.

எடுத்துச்செல்லும் உரிமையால் இறந்தோருக்குப் பயனில்லை என்பதையும் எண்ணவேண்டும். தமிழ் வலைப்பதிவர்களுள் மறைந்துவிட்டோர் உண்டு. அவர்கள் பக்கங்களில் சில இன்றும் திறக்கின்றன. கடவுச்சொல் வீட்டாருக்குத் தெரியாது. கணக்கு நெடுங்காலம் பயன்படாதபோது அதிலுள்ளவை யாரிடம் சேரவேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கூகுள் 2013 முதல் தருகிறது. காணி நிலத்துக்கும் உயில் எழுதிவைக்கும் நம் பகுதியில், இதைச் செய்துவைத்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.