பலகையில் பூசிய முதுமை

புதிய மரத்திற்குப் பழமையின் தோற்றத்தைத் தருவது பொய்யாகுமா? வீடுகளையும் ரயில் நிலையங்களையும் சிறிய மாதிரிகளாகச் செய்வோர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். மாதிரிகள் பெரும்பாலும் புத்தம்புதுப் பளபளப்போடு செய்யப்பட்ட காலத்தில், அவர் தமது இல்லத்தில் அமைத்த ரயில் உலகத்தில் துருவுக்கும் தூசிக்கும் வெளுத்த பலகைக்கும் இடமளித்தார். 1973 ஜனவரியில் அவர் மறைந்த சில நாட்களிலேயே அது தீக்கிரையாயிற்று. இன்று அதைப் புகைப்படங்களில் காணலாம்.

செய்முறை எளியது. மெல்லிய மரத்துண்டின்மீது கம்பித் தூரிகையை இழுத்தால் நார்வரிகள் தோன்றும். கறுப்பு மையை ஆல்கஹாலில் நீர்க்கக் கலந்து பூசினால் சாம்பல் நிறம் படியும். சில நிமிடங்களில் முப்பது ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன!

ஒருவர் இவ்வாறு மறுக்கலாம்: 'மாதிரியை வெயிலிலும் மழையிலும் விட்டுவிட்டால் முதுமை தானே வருமே, அதுவன்றோ உண்மை?' வெயில், மரத்தைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிச் செல்ல, நரைத்த நார்கள் எஞ்சுகின்றன. சிறிய மரத்திலும் இதுவே நிகழும். ஆனால் 1:87 அளவில் 15 சென்டிமீட்டர் பலகை 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. வெயிலால் உண்டாகும் விரிசலோ அவ்விகிதத்தில் சுருங்குவதில்லை. அதில் 1 மில்லிமீட்டர் விரிசல் விழுந்தால், பார்ப்பவருக்கு அது பூனை நுழையும் சந்தாகத் தெரியும். உண்மையான முதுமை அங்கே பொய்த்துப்போக, பூசிய முதுமையே மெய்யாகிறது.

இதே மையை நாற்காலியில் பூசி, நூறாண்டுப் பழமையானது என்று விற்பவன் வஞ்சகன் என்பதில் ஐயமில்லை. மாதிரியைக் காண்பவரோ அது மாதிரி என்று அறிந்தே காண்கிறார். ஆயினும் அவரது சம்மதம் ஒன்றே கலைஞனைப் பொய்யிலிருந்து விடுவித்துவிடாது. எல்லாப் பலகைகளையும் ஒரே சீராக நரைக்கச் செய்தால் அதுவும் பொய்தான். ஏனெனில் அங்கே காரணமின்றிக் காரியம் வந்துவிடுகிறது. மழை எத்திசையிலிருந்து அடித்தது, கூரைநீர் எங்கே சொட்டியது, எந்த ஆணியின் துரு கீழே வழிந்தது என்று தேர்ந்த கலைஞன் முதலில் ஆராய்கிறான். பிறகே தூரிகையை எடுக்கிறான். இறவாரத்திற்குக் கீழே, மழை படாத பலகையின் வண்ணத்தை அவன் தொடுவதில்லை.