பெரியம்மை எழுதிய பட்டியல்

வருகிற தையில் பெரியப்பாவுக்கும் பெரியம்மைக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைகிறது. மஸ்கட்டில் இருக்கும் தம்பி மண்டபத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டான். பெங்களூர்த் தங்கை பெரியப்பாவின் சட்டையும் பெரியம்மையின் சேலையும் ஒரே நிறத்தில் வரும்படி துணி எடுத்து வைத்திருக்கிறாள். வாட்ஸப் குழுவில் கேக் மூன்று அடுக்கா ஐந்து அடுக்கா என்று பேச்சு நடக்கிறது. உள்ளூரில் இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் சமையலுக்குத் தவசிப்பிள்ளையைப் பார்ப்பதும், தோவாளைச் சந்தையில் பூவுக்குச் சொல்லி வைப்பதும் என் தலையில். இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த ஐம்பது யாருடையது?

நம் வழக்கத்தில் கல்யாண வருஷத்தை யாரும் எண்ணியதில்லை. ஆணின் வயதைத்தான் எண்ணினோம். அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம். அறுபதுக்கும் எண்பதுக்கும் வானத்தில் ஒரு கணக்கு உண்டு. வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு ஏறக்குறைய 30. பிறந்தபோது நின்ற இடத்துக்கு இரண்டும் ஒருசேரத் திரும்புவது அறுபதில். சதாபிஷேகத்துக்கு ஆயிரம் பிறை. பிறைக்கு இருபத்தொன்பதரை நாள் என்று போட்டால் 80 வருஷமும் சில மாதங்களும் வரும். அழகான கணக்குகள்தான். ஆனால் வியாழனும் சனியும் பெண்ணுக்கும் அதே வேகத்தில்தான் சுற்றுகின்றன. பெரியப்பாவின் அறுபதுக்குத் திருக்கடையூர் போய் வந்தோம். அமிர்தகடேசுவரர் சன்னிதியில் மாலையோடு நின்ற பெரியம்மைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய அறுபது எட்டு வருஷம் கழித்து வந்தது. அது வந்ததும் போனதும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நாகர்கோவிலில் கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளிவிழாவும் பொன்விழாவும் புதிதல்ல. காலையில் கோயிலில் நன்றி ஜெபம், மத்தியானம் விருந்து என்று நானே பலமுறை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்கும் அது மேற்கிலிருந்து வந்ததுதான். இரவல் என்பதால் எனக்குக் கூச்சமில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்கிய கணக்கு அது ஒன்றுதான். அறுபதும் எண்பதும் பெரியப்பாவுக்கு வயதானதைச் சொல்கின்றன. ஐம்பது, இரண்டு பேரும் இருந்ததைச் சொல்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் ஒரு படி புதிது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மருமக்கள் வழி. ஆணின் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கட்டினவளுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் கொஞ்சம் கிடைக்கலாம், அதற்கும் வழக்கு நடத்த வேண்டி வரலாம். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதியபோது அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கதையை ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்ல வைத்தார். சிரித்துக்கொண்டே படித்து, பாதியில் சிரிப்பு நின்றுபோகும் நூல். ஐந்தாவதாக வந்தவள் எந்த வருஷத்தை எண்ணி விழா எடுப்பாள்?

இந்த முறையை மாற்றத் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது 1926-இல். எங்கள் பக்கத்துக் கணக்கில் கொல்லம் 1101. பெரியம்மையின் ஆச்சி அதற்கு முன்னால் விதவையானவள். புருஷனின் காரியம் முடிந்த கையோடு ஒரு தகரப் பெட்டியுடன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினவள். பெரியப்பாவின் கல்யாணப் பத்திரிகை மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, இன்னும் பீரோவில் இருக்கிறது. அதில் கொல்லம் 1151, தை மாதம் என்று அச்சாகியிருக்கிறது. இப்போது நடப்பது 1201. சட்டத்திலிருந்து கல்யாணத்துக்கு ஐம்பது, கல்யாணத்திலிருந்து இன்றைக்கு ஐம்பது. புருஷன் வீடுதான் கடைசிவரை தன் வீடு என்று ஒரு பெண் நம்பத் தொடங்கி இங்கே அவ்வளவு காலம்தான் ஆகிறது.

அந்தத் தை மாதத்தில் நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரம் பாதை வந்தது 1979-இல், திருநெல்வேலிப் பாதை அதற்கும் பிறகு. சென்னைச் சொந்தங்கள் திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, ஆரல்வாய்மொழிக் காற்றில் தலை கலைந்து வந்து சேர்ந்தார்கள் என்று பெரியப்பா இன்றும் சொல்வார். யார் யார் வந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பெரியம்மையிடம் கேட்டால், “எனக்கு எங்க தெரியும்? குனிஞ்ச தலையில்லா” என்பாள். அவளுடைய கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் அவளுடைய அப்பாவும் மாமன்மாரும். அவளாக யாரையும் அழைக்கவில்லை.

அதனால் இந்தமுறை அழைப்புப் பட்டியலை அவளிடமே கொடுத்தேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். கூடப் படித்தவர்கள், ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள், வயலில் நடவுக்கு வந்தவர்கள், வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒருத்தி. வாசித்துக்கொண்டே போனபோதுதான் கவனித்தேன். பாதிக்கு மேல் விதவைகள்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அன்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏழெட்டு வயது வித்தியாசம் சாதாரணம். 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்த்த சராசரி ஆயுளே ஐம்பதை ஒட்டித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துணையை இழந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். மேடையில் இருவரையும் உட்கார வைத்து நாம் பாராட்டப் போவதில் பாதி அவர்களுடைய பொறுமை. மறுபாதி பெரியப்பாவின் இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற அதிர்ஷ்டம். பட்டியலில் இருந்தவர்களும் பொறுமையில் குறைந்தவர்கள் அல்ல.

அவர்கள் வந்தால் எங்கே நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். திருக்கடையூரில் பார்த்ததுதான். மாங்கல்யம் எடுக்கும் நேரத்தில் அத்தை ஒருத்தி செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லாமலே போகப் பழகியிருந்தாள்.

தங்கையின் திட்டத்தில் மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் இருந்தன; படம் எடுக்க நன்றாக இருக்குமாம். பெரியம்மையிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள். “மக்கா, அண்ணைக்குக் கெட்டுனது கழுத்துலதான கெடக்கு. பொறவு எதுக்கு ரெண்டாமத்தும்?” கொஞ்சம் கழித்து, “அது இல்லன்னா அவளுவ எல்லாரும் முன்ன இருப்பாளுவல்லா” என்றாள்.

குழுவில் இதைப் போட்டேன். தம்பி பெருவிரலை உயர்த்தினான். தங்கைக்கு வருத்தம்தான், தாலி கட்டாமல் அது என்ன விழா, வெறும் சாப்பாடா என்று கேட்டாள். ஆமாம், வெறும் சாப்பாடு. பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, புளிசேரி, இஞ்சிப் பச்சடி, அடைப் பிரதமனோடு பிசைய மட்டிப்பழம். எனக்கு அது போதுமான விழாவாகத்தான் படுகிறது. பெரியம்மை முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. அவள் தன் வீட்டு விசேஷம் எதிலும் சூடான சோறு சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

நேற்று அவளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு அழைப்புச் சொல்லக் கிளம்பினேன். மூன்றாவது வீட்டிலேயே தடங்கல். பட்டியலில் முதல் பெயர்க்காரி அவள், பெரியம்மையோடு ஒரே வருஷம் தெருவுக்கு வந்தவள். காப்பி கொடுத்தாள், சந்தோஷப்பட்டாள், பிறகு மெதுவாகச் சொன்னாள், “நான் வந்தா நல்லா இருக்காதுட்டி. பொறவு ஒருநாள் வாறேன்.” பெரியம்மை வற்புறுத்தவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னாள், “விசேஷத்துக்குன்னு கூப்பிட்டா அவ வரமாட்டா. முந்தின நாள் ராத்திரி காய்கறி வெட்ட ஆளில்லன்னு சொல்லு, முதல் ஆளா அரிவாமணையத் தூக்கிட்டு வந்துருவா. வந்தவள விடியக்காலம் யாரு வீட்டுக்கு விடப்போறா?”

சமையல் ஒப்பந்தத்தில் காய்கறி வெட்டும் ஆட்களின் கூலியும் சேர்ந்திருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி நாளைக்குத் தவசிப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். இருநூறு பேருக்கான அவியலைக் கிழவிகளை நம்பி விடுவதா என்று அவர் கேட்பார். பெரியம்மையையும் கூட அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.