யாத்திரைக்குக் கட்டம் இல்லாத படிவம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். மகன் சென்னையில் கணினி வேலை பார்க்கிறான். அப்பாவையும் அம்மாவையும் ஒருமுறையாவது ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. பன்னிரண்டு நாள், ஆறு ஊர்: லிஸ்பன், பார்சிலோனா, ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், ஏதென்ஸ். மடிக்கணினியில் அட்டவணை போட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகப் படித்துக் காட்டுகிறான். அம்மா கேட்கும் முதல் கேள்வி, “ஏம்ப்பா, அங்க கோயில் இருக்குதா?”

மகனுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த அட்டவணையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். பார்சிலோனாவில் எல்லோரும் பார்க்கப் போவது சக்ராதா ஃபமிலியா தேவாலயம். 1882இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோயிலில் இன்னும் வேலை நடக்கிறது. ரோமில் புனித பேதுரு பேராலயம். ஃபுளோரன்ஸில் பெரிய கும்மட்டம் கொண்ட பேராலயம். வெனிஸில் புனித மாற்கு. ஏதென்ஸில் குன்றின் மேல் அதீனா தேவியின் பார்த்தெனான். சுற்றுலா என்று பெயர் எழுதிய அட்டவணையில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் மண்டியிட்ட இடங்கள். அப்படியானால் அங்கே போகிறவர் யார்? பார்வையாளரா, யாத்திரிகரா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பது ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா விண்ணப்பம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, நாள்வாரியான பயணத் திட்டம், தங்கும் இடத்துக்கான சான்று எல்லாம் வேண்டும். அந்தப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்த்தல், பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், படிப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். யாத்திரைக்கென்று கட்டம் இல்லை. சாமி கும்பிடப் போகிறவர் ‘மற்றவை’யில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே தென் ஐரோப்பாவில் இந்தக் கேள்வியை நேர்முகமாகவே கேட்கும் ஓர் அலுவலகமும் உண்டு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா. இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். நடந்து போகிறவர் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். வழியில் தங்கும் விடுதிகளிலும் தேவாலயங்களிலும் கையேட்டில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். முடிவில் யாத்திரிகர் அலுவலகத்தில் எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள். பக்தி என்றோ ஆன்மத் தேடல் என்றோ சொன்னால் ‘கொம்போஸ்தெலா’ என்ற லத்தீன் சான்றிதழ். வேறு காரணம் சொன்னாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வரவேற்புச் சான்று ஒன்று தருகிறார்கள். கால் கொப்புளம் இரண்டு பேருக்கும் ஒன்றே. இப்போது ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வழிகளில் நடந்து சேர்கிறார்கள்.

மூன்றாவதாக இதைக் கேட்டது நம் ஊர். பழனி முருகன் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது. கோயில் என்பது உல்லாசப் பயண இடம் அல்ல என்றது. இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டிப் போய் வழிபட விரும்பினால், அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு, வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது.

ஒரு படிவம் கடவுளைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓர் அலுவலகம் வாய்மொழியை நம்புகிறது. ஒரு தீர்ப்பு எழுத்தில் கேட்கிறது. தன் வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்க ஒரு கோயிலுக்கு முறை வேண்டும்தான். கொடிமரத்தடியில் நின்று தற்படம் எடுத்துக் கூச்சலிடுகிறவரைப் பார்த்து மனம் நோகாத பக்தர் இல்லை. ஆனால் வருகிறவர் யாத்திரிகரா இல்லையா என்பதை எந்த மேசையும் முடிவு செய்துவிட முடியாது. நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்தவர் உள்ளே போய்த் தூணை மட்டும் பார்த்துத் திரும்பலாம். தூண் பார்க்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிடலாம்.

கச்சிராயபாளையத்துக்காரருக்கு இது புதிய செய்தி அல்ல. ஊர்ப்பெயரிலேயே கச்சிராயர் இருக்கிறார். அந்தப் பட்டம் தாங்கிய பாளையக்காரர் ஒருவர் முகாசாபரூரில் இருந்தார். அதற்குப் பக்கத்தில், விருத்தாசலம் வட்டத்தில் கோணான்குப்பம். அங்கே பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். 1680இல் வடக்கு இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் கற்று, தேம்பாவணி பாடியவர். பிள்ளையில்லாத கச்சிராயர் மாதாவை வேண்டிப் பிள்ளை பெற்று, நன்றியாகக் கோயில் எழும்ப உதவினார் என்பது தலவரலாறு. மாதாவுக்குப் பெரியநாயகி என்று விருத்தாசலத்து அம்மன் பெயர். உடுத்தியிருப்பதோ தமிழ்ப்பெண்ணின் சேலை. இந்துப் பாளையக்காரர் மதம் மாறாமலே மாதாவிடம் கைகூப்பியதை அந்த வட்டாரம் மூன்று நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அவரிடம் யாரும் உறுதிமொழி கேட்டதாகக் கதையில் இல்லை.

வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் மொட்டையடித்துக்கொண்டு போகிற நாட்டில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சுலபம். லிஸ்பனில் புனித அந்தோணியார் பிறந்த இடத்தில் ஒரு தேவாலயம் உண்டு. அவர் 1231இல் மறைந்து அடக்கமானது வெனிஸுக்குப் பக்கத்துப் படுவா நகரில். உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றும் அதே அந்தோணியார்தான். மயிலாப்பூரின் சாந்தோம் பேராலயத்தையும் ரோமின் புனித பேதுருவையும் கொம்போஸ்தெலாவையும், இயேசுவின் சீடர்களின் கல்லறை மேல் எழுந்த மூன்று கோயில்கள் என்று கிறிஸ்தவ மரபு சேர்த்தே சொல்லும். அந்த மூன்றில் ஒன்று மெரினா கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவருக்கு அங்கே பார்க்கப்போவதில் பாதி ஏற்கெனவே அறிமுகமானது.

எனவே மதம் இங்கே தடை இல்லை. தடையாக இருப்பது அட்டவணை.

பல ஊர்களை ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் சுற்றுலா நிறுவனங்கள் கண்டுபிடித்தது அல்ல. பாடல் பெற்ற தலம் 276, திவ்ய தேசம் 108 என்று கணக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த மரபு நம்முடையது. நாவுக்கரசர் போன ஊர்களை வரிசைப்படுத்தினால் எந்தப் பயண முகவரின் பட்டியலும் சிறியதாகத் தெரியும். ஆனால் அவர் கையில் உழவாரம் இருந்தது. போன இடத்தில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார், பதிகம் பாடினார், பிறகுதான் அடுத்த ஊர். கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, கையூன்றி, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் கிடந்தபோது, ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார்கள் என்றும், எழுந்தது திருவையாற்றில் என்றும், கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. எல்லாத் தலத்துக்கும் நடந்தவரைப் பற்றித்தான் இந்தக் கதை இருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கதை சொல்லவில்லை. உடம்பு தேயும்வரை நடந்தவருக்குத்தான் திருவையாறு கயிலையானது.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் கல்வராயன் மலையில் கதை எதிர்த்திசையில் போகிறது. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். கரியராமன் என்ற தெய்வமும் அவர்களோடு மலையேறி வந்தது என்பது அவர்கள் மரபு. சாமியைத் தேடி மனிதர் போவது ஒரு வகை. மனிதர் போகிற இடத்துக்குச் சாமி கூடவே வருவது இன்னொரு வகை.

அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவலூரில் பயணிகளுக்கென்றே ஒரு கதை உண்டு. ஊர் ஊராகத் திரிந்த முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நாலாவதாக யாரோ வந்து நெருக்குவதை உணர்ந்தபோதுதான் பாட்டு பிறந்தது. மழை விடட்டும் என்று நிற்க அவர்களுக்கு நேரம் இருந்தது. அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்திருந்தால் நனைந்துகொண்டே ஓடியிருப்பார்கள்.

இப்போது அந்தப் பன்னிரண்டு நாள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு ஊர் என்றால் ஐந்து முறை இடம் மாற வேண்டும். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையமோ விமான நிலையமோ போய், இறங்கி, புது அறையைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். அதில் இரண்டரை நாள். போகவும் வரவும் இரண்டு நாள். மிச்சம் ஏழரை நாளை ஆறாகப் பிரித்தால் ஊருக்கு ஒன்றேகால் நாள். அதற்குள் வரிசை. ஏதென்ஸ் குன்றில் 2023 செப்டம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, மணிக்கணக்குப்படி சீட்டு. வெனிஸ் 2024இலிருந்து நெரிசல் நாட்களில் ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அந்த ஊர்களில் குடியிருப்பவர்களுக்கும் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா? 2024 ஜூலையில் பார்சிலோனாவாசிகள் சிலர் தண்ணீர்த் துப்பாக்கியோடு தெருவுக்கு வந்து பயணிகள் மேல் பீய்ச்சினார்கள். வீட்டு வாடகை ஏறி, ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலையில் இருந்தவர்களின் கோபம் அது.

இந்த அவசரம் அங்கே மட்டும் இல்லை. கும்பகோணத்தில் காலையில் ஏறி இரவுக்குள் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்து இறக்கிவிடும் பேருந்துகள் ஓடுகின்றன. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சனீஸ்வரனிடம் இருபது நிமிடம், குருவிடம் பதினைந்து நிமிடம் என்று ஓடும் பக்தரும், ரோமில் கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நகரும் பயணியும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். யாத்திரை என்ற பெயர் இருப்பதால் மட்டும் ஒன்று யாத்திரையாகிவிடாது. பெயர் இல்லாததால் மற்றது இல்லாமலும் போகாது.

பார்த்தெனான் இதைச் சோதிக்க நல்ல இடம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதீனாவுக்குக் கட்டிய கோயில். பின்னால் மாதா கோயிலாயிற்று, அதன் பின் மசூதியாயிற்று. 1687இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்தை வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. இன்று அங்கே எந்த வழிபாடும் இல்லை. விளக்கில்லாத கோயிலின் முன் கச்சிராயபாளையத்து அம்மா கை கூப்பினால் அது தவறா? பாழடைந்த சிவன் கோயிலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்கிறவர் அவர். அந்தக் கை தப்பாகக் கூப்பவில்லை என்றே தோன்றுகிறது. தனக்கு முன்னால் எத்தனையோ பேர் அங்கே அழுது வேண்டியிருக்கிறார்கள் என்பதை அந்தக் கை அறிந்திருக்கிறது. வழிகாட்டியின் கையேட்டில் தூண்களின் அளவு இருக்கும். அந்த அழுகை இருக்காது.

ரோமில் பாந்தியான் என்ற வட்டக் கோயில் உண்டு. பழைய ரோமானியர் தங்கள் தெய்வங்களுக்குக் கட்டியது. 609இல் தேவாலயமாக மாறியது. 2023 ஜூலையிலிருந்து பார்வையாளருக்கு ஐந்து யூரோ கட்டணம். திருப்பலிக்கு வருகிறவருக்குக் கட்டணம் இல்லை. ஐந்து யூரோவை மிச்சம் பிடிக்க அல்லாமல், அந்தக் கூரையின் கீழ் ஒரு மணி நேரம் எழாமல் உட்காருவதற்காகத் திருப்பலிக்குப் போகலாம். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. வடமொழி மந்திரம் புரிந்தா நம் ஊரில் எல்லோரும் கும்பிடுகிறார்கள்?

எனவே மகனிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆறு ஊரில் மூன்றை அடித்துவிடுங்கள். எதை அடிப்பது என்பதை அம்மாவிடம் கேளுங்கள். மீதியுள்ள ஒவ்வொரு ஊரிலும் சீட்டு எதுவும் வாங்காத ஒரு காலைப்பொழுதை விட்டுவையுங்கள். படுவாவுக்குப் போனால் ஊரில் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டவர்களின் பெயரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எடுத்துப் போங்கள், ரோமில் கேட்பார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம், உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு மாலை கோணான்குப்பத்துக்கு மூன்று பேருமாகப் போய்வாருங்கள். இத்தாலியிலிருந்து வந்து, திரும்பிப் போகாமலே இந்த மண்ணில் தங்கிவிட்டவர் கட்டிய கோயில் அது.