அக்காவின் பீடித்தட்டு

சாயங்காலமானால் ஆலங்குளத்தில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பீடித்தட்டு இருக்கும். அக்கா ஈர இலையில் அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரிப்பாள். தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்குவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். நான் புள்ளியியல் படித்து, முப்பது ஆண்டுகள் அதையே கற்றுக்கொடுத்தேன். “அவளுக்கு அப்படி எழுதியிருக்கு, உனக்கு இப்படி எழுதியிருக்கு” என்பாள் அம்மா.

எழுதியது யார்? கல்விப் பொருளாதாரமும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்கிறது. ஓராண்டு கூடுதலாகப் படித்தால் சம்பாத்தியம் எத்தனை விழுக்காடு கூடும் என்று கணக்கிட, 1974இல் வெளியான தன் நூலில் ஜேக்கப் மின்சர் ஒரு சமன்பாடு தந்தார். ஆனால், கூடுதலாகப் படித்தவர் பிறவியிலேயே சூட்டிகையானவராக இருந்தால்? ஒரே ஆள் படித்து ஒரு முறையும் படிக்காமல் ஒரு முறையும் வாழ்ந்து காட்ட முடியாது. அதனால் பொருளாதார அறிஞர்கள் ஆஷன்ஃபெல்டரும் குரூகரும் 1991இல் அமெரிக்காவின் ட்வின்ஸ்பர்க்கில் நடந்த இரட்டையர் திருவிழாவுக்கே போனார்கள். ஒரே கருவில் பிறந்து, படிப்பில் மட்டும் வேறுபட்டவர்களின் கூலியை ஒப்பிட்டார்கள். ஓராண்டுப் படிப்புக்கு 12 முதல் 16 விழுக்காடு கூடுவதாக 1994இல் எழுதினார்கள்.

அதைப் படித்த அன்று எனக்கு அக்கா நினைவுதான். ஒரே தாய், ஒரே அடுப்புச் சோறு. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் படிப்பு மற்றவர் வாழ்க்கையைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அது பொய். என் கல்லூரிக் கட்டணம் அவள் பீடிக் கூலி. என் சம்பளத்திலிருந்து அவள் கூலியைக் கழித்தால் வரும் எண்ணில், அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததும் சேர்ந்தே இருக்கிறது.

நான் தினமும் சாமி கும்பிடுகிறவள். அக்காவின் படிப்பு நின்ற பழியைச் சாமி மேல் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரைப் படிக்கவைக்க வீட்டில் காசில்லை. மூத்தவள் சம்பாதிக்கட்டும், சின்னவள் படிக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். காரணம் தெரிந்துவிட்டால் மாற்றலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. அன்று அப்படி ஒரு பணம் வந்திருந்தால் எங்கள் வீட்டு முடிவும் மாறியிருக்கலாம்.

அக்காவின் பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் கட்டணம் என் பென்ஷனிலிருந்து போகிறது. உதவி என்று ஊர் சொல்கிறது. நான் கடன் அடைக்கிறேன்.