தயவா, ஹக்கா?



கேமரன் மலையில் கடை வைத்திருப்பவர்க்குத் தோட்டத்துச் சேதி தானாகவே வந்து சேரும். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறன்று தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்க இறங்குகிறவர்கள் கல்லாவுக்கு எதிரே நின்று குறை சொல்வார்கள். மண்டோர் வேண்டாதவனுக்கு மேட்டுச் சரிவையே ஒதுக்குகிறார் என்பான் ஒருவன். பெண்பிள்ளைகளிடம் வாய்க்கு வந்தபடி பேசுகிறார் என்பான் இன்னொருவன். நாமும் உச்சுக்கொட்டிவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்புவோம்.

இம்மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்தொட்டு வெகுகாலம் கொழுந்து கிள்ளியவர்கள் நம் தமிழ் மக்கள். இன்று லயங்களில் பெரும்பாலும் நேப்பாளியரும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். ஆட்கள் மாறினார்கள், குறைகள் மாறவில்லை.

இதே குறைகளுக்காக 1941-ல் ஸிலாங்கூரில் ஒரு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய அப்போராட்டத்தை முன்நின்று நடத்தியவர் ஆர். எச். நாதன். அவரைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டார்கள். அவர்கள் கேட்டவை என்ன? ஒரே வேலைக்குச் சீனருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும். துரைமாரும் மற்ற மேலாட்களும் தங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் ஸைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்த ஸைக்கிள் விஷயத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒருவனை இறக்கி நிறுத்துவதால் தோட்டத்துக்கு ஒரு காசு லாபம் உண்டா? கிடையாது. நீ கீழே இருப்பவன் என்று அவனுக்கு நினைவூட்டுவது ஒன்றுதான் அதன் பயன். கூலிக்காகப் போராடியவர்கள் இதையும் அதோடு சேர்த்து எழுதிக் கேட்டார்கள் என்றால், அது எவ்வளவு புண்ணாயிருந்திருக்க வேண்டும்!

இனி நம் கடைகளுக்கு வருவோம். என் கடையில் இருவர் வேலை செய்கிறார்கள். ஒருவர் நம் ஊர்ப் பிள்ளை, மற்றவர் வங்காளதேசத்தார். இருவரும் ஒரே மூட்டையைத்தான் தூக்குகிறார்கள். ஊர்ப் பிள்ளைக்கு மாதம் இருநூறு வெள்ளி அதிகம். அவரைப் பெயர் சொல்லி அழைப்பேன். மற்றவரை மூன்று வருஷமாக "பங்ளா" என்றே அழைத்துவந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர் தோளும் என் தோளும் ஒட்டி நிற்கும். திரும்பி வந்ததும் அவர் பின்கட்டுக்குப் போய்விடுவார்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் இருக்கிறது. வியர்வை உலருமுன் கூலி என்பதை மேடைதோறும் சொல்லும் நாம், இதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

குறைந்த சம்பளத்துக்கு அவர் ஒப்புக்கொண்டுதானே வந்தார் என்று சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வேறு கடைக்குப் போக பெர்மிட் இடம் தராத ஒருவருடைய சம்மதத்தை, வியாபாரம் அறிந்த நாம் மனமொப்பிய சம்மதம் என்று சொல்லலாமா?

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. திருத்திய வேலைச் சட்டம் 1-1-2023 முதல் அமலில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு என்று புகார் வந்தால் தொழிலாளர் இலாகாத் தலைவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். அதை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். பாலியல் தொல்லையைப் பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் பார்வையாக ஒட்டிவைக்கவும் வேண்டும். தோட்டத்து ஆபீஸுக்கு மட்டுமென்று எண்ணாதீர்கள், நம் கடைச் சுவருக்கும் அது உண்டு.

சட்டம் என்னைப் பிடிக்குமா என்பதைவிட எனக்குப் பெரிதாயிருந்த கேள்வி வேறு. சமமான சம்பளம் என் தயவென்றால் இந்த மாதத்திலிருந்து கொடுத்தால் போதும், எல்லாரும் என்னை நல்லவன் என்பார்கள். அது அவருடைய ஹக்கு என்றால், போன மூன்று வருஷம் என்னாவது? இருநூறு வீதம் முப்பத்தாறு மாதம், 7,200 வெள்ளி. இது ஸதகாக் கணக்கில் சேராது, கடன். கடனோடு மௌத்தாவதை நம்மில் யார் விரும்புவோம்?

ஒரே தடவையில் கொடுக்க என்னால் இயலவில்லை. சம்பளத்தைச் சமமாக்கி, பழைய பாக்கிக்கு மாதம் 300 என்று வைத்துக்கொண்டேன். முதல் தவணையைக் கொடுத்தபோது அவர் எண்ணாமலே சட்டைப் பையில் போடப் போனார். அவரைப் பெயர் சொல்லி நிறுத்தி, "எண்ணிப் பாருங்கள்" என்றேன்.