மூலமும் உரையும்

மான்ட்ரியால் தீவின் மேற்புறத்தில், பிரெய்ரி நதிக்கரையோரமாக நீண்டு கிடக்கும் பியர்பொன்ட்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, அடுத்த ஊராகிய டொலார்-தே-ஓர்மோவில் அமைந்துள்ள முருகன் கோயிலே ஊர்க் கோயில் போலாகிவிட்டது. பகலெல்லாம் பிரெஞ்சு மொழியில் பாடம் கற்கும் பிள்ளைகள் அங்கே தேவாரப் பதிகங்களைச் சொல் பிசகாமல் ஓதும்போது, கேட்பவர் மனத்தில் ஆனந்தத்தோடு ஒரு சந்தேகமும் எழுவதுண்டு. மூலத்தை முழுமையாகக் கொடுத்து, அதன் பொருளை மட்டும் சொல்லாமல் விட்டவர், உண்மையில் கொடுத்தவராவாரா? ஓதுதலுக்கே பலன் உண்டென்பது சைவர்களின் நம்பிக்கை; அதனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கணினி நிரலைப் பாராயணம் செய்து புண்ணியம் தேடுவார் எவருமில்லையாதலால், திறந்த மூல மென்பொருள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு அத்தகைய அடைக்கலம் கிடையாது.

1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் உரிமைகளைப் பற்றியே பெரிதும் பேசி வந்திருக்கிறார்கள்: இயக்கும் உரிமை, மூலநிரலைப் படித்தறியும் உரிமை, மாற்றும் உரிமை, பிறருக்கு வழங்கும் உரிமை. உன்னதமான கொள்கைதான். எனினும் படிப்பதற்கு உரிமை இருப்பது வேறு, படித்து விளங்கிக்கொள்ளும் சக்தி இருப்பது வேறு. லட்சம் வரி நிரலை ஒரு விளக்கக் குறிப்புமின்றி உலகத்தின் முன் வைப்பவர் கதவைத் திறந்திருக்கிறார்; உள்ளே விளக்கேற்றவில்லை.

இதற்கு நிரலாளர்களில் சிலர் சொல்லும் சமாதானம், நன்கு எழுதிய நிரலுக்கு அந்த நிரலே ஆவணம் என்பது. கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி மௌனத்தாலேயே உபதேசித்த மரபை அறிந்த நமக்கு இது அந்நியமான வாதமன்று. ஆனால் அந்த மௌனத்தைப் பெற்ற சனகாதி முனிவர் நால்வரும் கற்க வேண்டியதையெல்லாம் கற்று முடித்தவர்கள்; குருவின் சந்நிதியிலேயே அமர்ந்திருந்தவர்கள். பக்குவமும் சந்நிதியும் ஒருங்கே வாய்த்தவருக்கு மௌனம் போதும். முகம் தெரியாத தேசத்தில், பத்தாண்டு கழித்து நம் நிரலைத் திறந்து பார்க்கப் போகும் ஓர் இளைஞனுக்கு அவ்விரண்டில் எதுவும் இல்லை.

இதனினும் ஆழமான தடை ஒன்றுண்டு. நிரல் தான் செய்வதைச் சொல்லும். எதற்காகச் செய்கிறதென்பதைச் சொல்லாது. ஒரு நிரல் முப்பது வினாடி காத்திருந்து தொடர்பைத் துண்டிக்கிறதென்று கொள்வோம். அந்த முப்பது, மந்தமான வலையமைப்புகளைக் கருதி ஆராய்ந்து வைத்ததா, கைக்கு வந்த எண்ணா, மூன்று என்று எழுத வந்தவர் தவறி எழுதியதா? இயந்திரம் மூன்றையும் ஒரே விசுவாசத்தோடு நிறைவேற்றும். ஆக, செய்கையைச் சங்கற்பத்தோடு ஒப்பிட்டாலன்றிப் பிழை என்று ஒன்றைச் சொல்லவே இடமில்லை. சங்கற்பமோ செய்தவர் நெஞ்சில் இருக்கிறது, அவர் எழுதி வைக்காவிடில் அவரோடு போய்விடுகிறது. ஆவணத்தைப் பின்னர் ஒட்டும் அலங்காரமாகக் கருதுவோர், நிரலின் சரி தவறுகளுக்கே அது பிரமாணம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம்முடைய இறையனார் களவியல் உரை இதை ஓர் ஐதிகமாகவே கூறுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் நீங்கியபின் பொருளிலக்கணம் வல்லார் கிடைக்கவில்லை என்று அரசன் வருந்த, ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டருளினார் என்பது அந்தக் கதை. இறைவனே இயற்றிய நூலாயினும் உரையின்றி வழங்கவில்லை என்பதே இதில் வியப்பு. புலவர்கள் ஆளுக்கோர் உரை கூறினர். மெய்யுரை எதுவென்று தீர்ப்பளிக்க அமர்ந்ததோ உருத்திரசன்மன் என்னும் பேசாச் சிறுவன். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் வார்த்தான்; வழக்கு முடிந்தது. விளக்கம் விளங்குகிறதா என்று சொல்ல ஏற்றவர், எழுதியவரோ அவருடைய சகபாடிகளோ அல்லர், கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவனே. நிரலுக்கு ஆவணம் எழுதுவோர் புதிதாய் வந்தவனுடைய கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பையன் நினைவுக்கு வருவான்.

உரை எழுதுவதோடும் கடமை தீர்வதில்லை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்குச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய மாபாடியம், நெடுங்காலம் ஏட்டுக் கட்டில் பாதுகாக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. பூட்டிய உரை பிறருக்கு உரையாகாது. 2000ஆம் ஆண்டில் ஆவணங்களுக்கென்றே குனூ திட்டத்தார் தனி உரிமம் ஒன்றை வெளியிட்டதும் இந்த நியாயத்தால்தான்: நிரலை மாற்றுபவன் உரையையும் திருத்த முடியாமற் போனால், அது விரைவில் பொய்யுரையாகிவிடும்; பொய்யுரை உரையின்மையினும் தீயது.

உரையோடு வழங்கிய மூலம், செய்தவர் விலகிய பின்னும் வாழும் என்பதற்கு நம் நகரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய தியானோ என்னும் கணித நிரலகம், ஆழ்கற்றல் ஆராய்ச்சிக்கு ஆரம்ப காலத்தில் பேருதவி செய்தது. பாடங்களும் விளக்கங்களும் அதனோடு சேர்த்தே வழங்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு அதன் கர்த்தாக்கள் பெரும் பணியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தனர். புள்ளியியல் நிரலாகிய பைஎம்சியை நடத்தி வந்தோர் பின்னர் அதைக் கையேற்று, ஈசாரா என்றும் பைடென்சர் என்றும் பெயர்கள் மாறி வர, இன்றுவரை வளர்த்து வருகின்றனர்.